அத்தைக்கு மறதி நோய் என்று தெருவில் சொல்லலாமா?

கேள்வி:

எனக்கு 51 வயது. தென்காசி மாவட்டத்தில் சின்ன ஊர், பெயர் வேண்டாம். என் மாமியாருக்கு 76. அத்தைக்கு அல்சைமர் என்று போன வருடம் திருநெல்வேலியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். பகல் ஒரு மாதிரி ஓடிவிடும். நாலரை, ஐந்து மணி ஆனால் 'வீட்டுக்குப் போகணும்' என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். பிறந்த வீடு புளியங்குடி, எலுமிச்சை வியாபாரம் செய்த குடும்பம், அங்கே இப்போது யாரும் இல்லை. ஒரு தடவை பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டார். நான் சோறு போடுவதில்லை, வளையலை எடுத்து ஒளித்துவிட்டேன் என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்கிறார். கோவையில் இருக்கும் நாத்தனாரோ, 'அம்மா எங்கிட்ட நல்லாத்தானே பேசுறாங்க' என்கிறார். மகளுக்கு வரன் பார்க்கிறோம், வெளியே மூச்சு விடக் கூடாது என்கிறார் என் கணவர். பள்ளிக்கூட வேலையையும் விட்டுவிட்டேன். போன வாரம் குளிக்கவைக்கும்போது அத்தை என் கையைக் கடித்தார், நான் அடித்துவிட்டேன். அன்றைக்கு முழுக்கத் தூக்கம் இல்லை. இப்படிப்பட்டவர்களைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம் எங்கள் பக்கம் உண்டா? வெளியே சொல்லாமல் இதை எப்படிச் சமாளிப்பது?

பதில்:

சகோதரிக்கு வணக்கம்.

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வெளியே சொல்லாமல் இதைச் சமாளிக்க முடியாது. ஆறு மாதம், ஒரு வருடம் ஓட்டலாம், நீங்களும் ஓட்டிவிட்டீர்கள், அதில் உங்கள் வேலை போனது, தூக்கம் போனது, இப்போது பொறுமையும் போய்விட்டது. நான் டாக்டர் இல்லை, மனநல சமூகப் பணியாளர். மறதி நோய் வந்த பெரியவர்கள் இருக்கும் வீடுகளுக்குப் போய், பார்த்துக்கொள்கிறவர்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலை. அங்கே நான் முதலில் கேட்பது மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்பதைக்கூட இல்லை, 'இது யார் யாருக்குத் தெரியும்?' என்பதைத்தான். 'யாருக்கும் தெரியாது' என்று பதில் வந்தால், அந்த வீட்டில் பார்த்துக்கொள்கிற ஆள், அநேகமாக மருமகளோ மகளோதான், ஏற்கெனவே ஒடிந்துபோயிருப்பார் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உங்கள் அத்தை பஸ் ஸ்டாண்டு வரை நடந்து போயிருக்கிறார். பக்கத்து வீட்டில் போய் மருமகள் சோறு போடவில்லை என்று சொல்லியிருக்கிறார். ஆக, தெருவுக்கு ஏற்கெனவே பாதி தெரியும், ஆனால் தெரிந்ததெல்லாம் 'மருமகள் சரியில்லை' என்கிற பாதி. மிச்சத்தை நீங்கள் சொல்லாதவரை இதை வைத்துத்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். மறைக்கிறோம் என்று நினைத்து உங்கள் பெயரைத்தான் கெடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஊர் முழுக்கத் தண்டோரா போடச் சொல்லவில்லை. யாருக்குத் தெரிந்தால் அத்தைக்கு உபயோகமோ அவர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும். இரண்டு பக்கத்து வீடு, எதிர் வீடு, தெருமுனைக் கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவர், பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர், அத்தை வழக்கமாகப் போகிற கோயில் வாசலில் பூ விற்கிற அம்மா, இவ்வளவு பேர். சொல்லும்போது நோயை விளக்காதீர்கள். மூளை சுருங்குகிறது, அது இது என்று ஆரம்பித்தால் பயந்து ஒதுங்கிவிடுவார்கள், இல்லாவிட்டால் 'வல்லாரை கொடுத்துப் பார்த்தீங்களா?' என்று வைத்தியம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொல்லுங்கள். இந்த மாதிரி:

'அத்தைக்கு மறதி நோய் வந்திருக்கு, டாக்டர்கிட்ட காட்டி மருந்து குடுக்கிறோம். பையோட தனியா போறதைப் பார்த்தீங்கன்னா எங்க போறீங்க, ஏன் போறீங்கன்னு கேக்காதீங்க, கையைப் பிடிச்சு இழுக்காதீங்க. வாங்க, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போலாம்னு உக்கார வைங்க. எனக்கு ஒரு போன் அடிங்க, வந்துருவேன்.'

அவ்வளவுதான். உங்கள் நம்பரை அவர்கள் போனில் நீங்களே பதிந்து கொடுத்துவிட்டு வாருங்கள். 'அப்புறம் போட்டுக்கிறேன்' என்பவர்கள் போடமாட்டார்கள். அத்தை தூக்கிக்கொண்டு கிளம்புகிற பை இருக்கிறதே, அதன் உள்பக்கத்தில் ஒரு துணித்துண்டில் நம்பரை எழுதித் தைத்துவிடுங்கள். உங்கள் போனில் அவருடைய இப்போதைய முகம் தெரிகிற மாதிரி ஒரு படம் இருக்கட்டும், ஐந்து வருடத்துக்கு முன் கல்யாண வீட்டில் எடுத்தது வேண்டாம். ஒருவேளை காணவில்லை என்றால் அக்கம்பக்கத்தில் தேடிக்கொண்டிருக்கும்போதே 112-க்கு அடித்துவிடுங்கள். 24 மணி நேரம் கழித்துத்தான் போலீஸ் எடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

'ஏதாவது வேணும்னா சொல்லுங்க' என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள், நீங்களும் வழக்கம்போல 'பரவாயில்ல, நான் பார்த்துக்கிறேன்' என்பீர்கள். அதை இனிமேல் விட்டுவிடுங்கள். கேட்ட ஆளுக்கு ஒரு சின்ன வேலையை, நேரம் குறித்துக் கொடுங்கள். 'செவ்வாய், வெள்ளி சாயங்காலம் அரை மணி நேரம் அத்தையோட திண்ணையில் உக்காந்திருக்கிறீங்களா, நான் காய்கறிக்குப் போயிட்டு வந்துர்றேன்' என்று கேட்டால் பெரும்பாலும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். ஒத்தாசையாக இருங்கள் என்று பொதுவாகக் கேட்டால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது, அதனால் எதுவும் செய்ய மாட்டார்கள். குறிப்பாகச் சாயங்காலத்துக்கு ஆள் பிடியுங்கள், ஏனென்றால் உங்களுக்குப் பெரும்பாடு அப்போதுதான்.

பொழுது சாய்கிற நேரத்தில் நிலைகொள்ளாமல் தவிப்பது இந்த நோயில் மிகச் சாதாரணம். வெளிச்சம் குறையும், நிழல் நீளும், நாள் முழுக்க எதையாவது புரிந்துகொள்ளப் பார்த்து மூளை களைத்திருக்கும், வீட்டில் ஆட்கள் வருவதும் போவதுமாக இருக்கும், அத்தைக்கு எல்லாம் சேர்ந்து அந்நியமாகிவிடும். அப்போது கேட்கிற வீடு புளியங்குடியில் இருக்கிற கட்டடம் இல்லை. அங்கே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாலும் 'வீட்டுக்குப் போகலாம்' என்றுதான் சொல்வார். பயமில்லாமல் இருந்த காலத்துக்குப் போக வேண்டும் அவருக்கு. அதனால் 'இதுதானே உங்க வீடு' என்று வாதம் பண்ணுவதிலும், 'உங்க அம்மா செத்து எத்தனை வருஷமாச்சு' என்று சொல்வதிலும் பிரயோஜனமே இல்லை, இரண்டாவது கொடுமையும்கூட, ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது புதுச் சாவு. நாலு மணிக்கே விளக்குகளைப் போட்டுவிடுங்கள். நாலரைக்கு முன்னால் காப்பி, தின்ன ஏதாவது. கிளம்பினால் தடுக்காமல் கூடவே பத்து வீடு தள்ளி நடந்துபோய், 'உங்க வீட்டுல எலுமிச்சை எந்த மாசம் நிறைய வரும்?' என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே திரும்பிவிடலாம். பக்கத்து வீட்டு அம்மா இந்த நடைக்கு வருவார் என்றால் உங்களுக்கு அரை மணி நேரம் மிச்சம்.

எலுமிச்சைப் பழம் கொடுத்தால் பெரிசு, சிறிசு பார்த்துப் பிரித்துவிடுவார், அது மட்டும் மறக்கவில்லை என்று இரண்டாவது பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான் என்பேன். காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது நிற்காத மூளையில், ஐம்பது வருடம் கை செய்த வேலை நிற்கும். ஒரு முறத்தில் முப்பது நாற்பது பழம் போட்டு, இரண்டு கூடை வைத்து, 'அத்தை, இதைக் கொஞ்சம் தரம் பிரிச்சுக் குடுங்க, எனக்குத் தெரியல' என்று நாலு மணிக்கு முன்னால் வையுங்கள். எடுத்துப் பார்ப்பார், கட்டைவிரலால் தோலை அழுத்துவார், காம்புப் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு ஒதுக்குவார். அரை மணி நேரமோ முக்கால் மணி நேரமோ ஓடும். பழத்தைத் திரும்பக் கொட்டி மறுநாளும் அதையே வைக்கலாம், வாடுவதற்குள் ஊறுகாய் போட்டுவிடுங்கள். எதிர் வீட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்து, 'ஆச்சிகிட்ட கத்துக்கோங்க' என்று சொல்லிப் பாருங்கள், வீட்டில் அவருக்கும் ஒரு மரியாதை திரும்பி வந்த மாதிரி இருக்கும். உள்ளி உரிப்பது, பூத்தொடுப்பது, துணி மடிப்பது எல்லாம் இந்தக் கணக்குத்தான். சரியாகச் செய்தாரா என்று பார்க்காதீர்கள், திருத்தி மடிப்பதானால் அவர் கண்ணில் படாமல் மடியுங்கள்.

சோறு, வளையல் விஷயம். வைத்த இடம் நினைவில் இருக்காது, ஆனால் பொருள் காணோம் என்பது தெரியும், அந்த இடைவெளியை மனசு 'யாரோ எடுத்துட்டாங்க' என்று நிரப்பிக்கொள்ளும். யார் எப்போதும் பக்கத்தில் இருக்கிறாரோ அவர் மேல்தான் பழி விழும், அதனால்தான் மகனைச் சொல்லாமல் உங்களைச் சொல்கிறார். 'நான் எடுக்கல' என்று சத்தியம் பண்ணாமல், 'ஐயோ, வாங்க சேர்ந்து தேடுவோம்' என்று எழுந்துவிடுங்கள். நல்ல வளையலை நாத்தனாரிடமோ லாக்கரிலோ வைத்துவிட்டு, அதே மாதிரி கவரிங் இரண்டு ஜோடி வாங்கி வையுங்கள். சாப்பாட்டை ஒரே தடவையாகப் போடாமல் பாதி பாதியாகப் போடுங்கள். இரண்டு இட்லி, முக்கால் மணி நேரம் கழித்து இன்னும் ஒன்று. 'இன்னும் சாப்பிடலை' என்று அவர் சொல்கிறபோது நீங்கள் 'இதோ' என்று கொடுக்க ஏதாவது இருக்க வேண்டும். சர்க்கரை, பிரஷர் மாத்திரை இருந்தால் அதை மட்டும் அவர் கைக்கு எட்டாமல் வையுங்கள், சாப்பிட்டது மறந்துபோய் இரண்டாவது தடவையும் போட்டுவிடுவார்.

உங்கள் கணவர் சொல்வதற்கு வருகிறேன். கோபம் வந்தாலும் அவர் பயம் புரிகிறது. பெண் வீட்டில் 'மூளைக் கோளாறு' என்று பேச்சு வந்தால் வரன் தட்டிப்போகும் என்று நம் ஊரில் யாருக்கும் தோன்றும். அவரிடம் இதைச் சொல்லுங்கள்: 65 வயதுக்கு மேல் வருகிற அல்சைமர், பேத்தி கல்யாணத்தை நிறுத்துகிற பரம்பரை நோய் இல்லை. பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். ஒற்றை மரபணுக் கோளாறால் தலைமுறை தலைமுறையாக வருகிற வகை ஒன்று உண்டு, அது மிக அபூர்வம், பெரும்பாலும் நாற்பது ஐம்பது வயதிலேயே தலைகாட்டிவிடும். லாசி-டாட் என்ற தேசிய அளவிலான ஆய்வின் 2023 கணக்குப்படி, இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா, அதாவது அல்சைமர் உள்ளிட்ட மறதி நோய்கள், இருக்கிறது. வரப்போகிற சம்பந்தி வீட்டிலும் ஒரு தாத்தாவோ பாட்டியோ இருப்பார். பெண் பார்க்க வருகிற அன்றைக்கு அத்தையை உள்ளறையில் பூட்டிவைத்து, அவர் கதவைத் தட்டுவதைவிட, தரகரிடம் முன்னாடியே 'எங்க அம்மாவுக்கு வயசு காரணமா மறதி நோய் இருக்கு, நாங்கதான் வச்சுப் பார்த்துக்கிறோம்' என்று உங்கள் கணவரே சாதாரணமாகச் சொல்லிவிடுவது நல்லது. அதைக் கேட்டுவிட்டு ஓடுகிற சம்பந்தம் ஓடட்டும் என்பது என் சொந்த அபிப்பிராயம், நீங்கள் ஏற்க வேண்டும் என்றில்லை.

சரி, பகலில் பார்த்துக்கொள்ளும் இடம். பெரும்பாலும் இவை பெரிய நகரங்களில்தான். சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனம் டெம்கேர்ஸ் என்ற பெயரில் டிமென்ஷியாவுக்குத் தனிச் சேவை நடத்துகிறது. 1992-இல் கேரளத்தில் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்ற அல்சைமர் சங்கத்துக்குச் சென்னையில் கிளை உண்டு, போனில் ஆலோசனை கேட்கலாம். உங்கள் ஊரிலிருந்து தினமும் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவர இவை ஆகாது. இதைச் சொல்லிவிட்டு உங்களைக் கைவிடப்போவதில்லை, ஏனென்றால் கட்டடம் இல்லாமலும் இது நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஆதாரம் இருக்கிறது.

கோவாவில் இரண்டு தாலுகாக்களில் 81 குடும்பங்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள், 2008-இல் முடிவு வெளியானது. பன்னிரண்டாவது படித்த உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது வீட்டுக்குப் போய்வரச் சொன்னார்கள், ஆறு மாதத்துக்கு. அவர்கள் செய்தது பெரிய வைத்தியம் ஒன்றும் இல்லை: இது நோய், வேண்டுமென்று செய்யவில்லை என்று வீட்டாருக்குப் புரியவைப்பது, குளிக்க மறுத்தால் என்ன செய்வது, கத்தினால் என்ன செய்வது என்று சொல்லிக் கொடுப்பது, பார்த்துக்கொள்கிறவரின் குறையைக் கேட்பது, தேவைப்பட்டால் டாக்டரிடம் அனுப்புவது. பின்னால் ஒரு மனநல மருத்துவர் மேற்பார்வை பார்த்தார். முடிவில் பெரியவர்களின் நோயில் சொல்லும்படியான மாற்றம் தெரியவில்லை, ஆனால் பார்த்துக்கொள்கிறவர்களின் மனநிலை தெளிவாகத் தேறியிருந்தது. எனக்கு இந்த ஆய்வு பிடித்துப்போனதே இதனால்தான். இப்போதிருக்கிற மாத்திரைகளால் மறதியைத் திருப்ப முடியாது, டொனெபெசில் போன்றவை சிலருக்குக் கொஞ்ச காலம் கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவே. ஆனால் உங்கள் நிலைமையைத் தேற்ற முடியும், அதற்கு ஒரு ஆள் வந்து உட்கார்ந்து பேசினாலே பாதி ஆயிற்று. செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம், அங்கே 2008-லேயே படுக்கையில் கிடப்பவர்களை வீட்டில் போய்ப் பார்ப்பதற்கு அரசே கொள்கை வகுத்தது. அதற்கும் முன்னால் மலப்புரம் பக்கத்தில் வாரத்துக்குச் சில மணி நேரம் தருகிற சாதாரணத் தெருக்காரர்களை வைத்துத்தான் அது வளர்ந்தது.

உங்கள் பக்கம் இப்போதைக்கு என்னென்ன பிடிக்கலாம் என்றால், மக்களைத் தேடி மருத்துவம் முதல் வழி. 2021 ஆகஸ்டில் தொடங்கியது, சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள், பிசியோதெரபி, வலிநிவாரணச் சேவை இரண்டும் அதில் உண்டு. வருகிற சுகாதாரத் தன்னார்வலர் பெண்ணிடம் மாத்திரையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடாமல், 'அத்தைக்கு மறதி நோய், மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் நம்ம பக்கம் என்னைக்கு வர்றாங்கன்னு கேட்டுச் சொல்லும்மா' என்று சொல்லுங்கள். மாதா மாதம் திருநெல்வேலிக்கு அத்தையைப் பஸ்ஸில் அலைக்கழிப்பது மிச்சமாகும். போன் வழியாக என்றால் 14567, அது முதியோர் உதவி எண், சட்டம், பென்ஷன், ஆதரவு எதுவானாலும் கேட்கலாம். 14416 டெலி மானஸ், ராத்திரி பகல் எந்நேரமும் தமிழில் பேசுவார்கள், அது அத்தைக்கு இல்லை, உங்களுக்கு. அடித்துவிட்டுத் தூங்காமல் கிடந்தேன் என்றீர்களே, அந்த மாதிரி ராத்திரிக்கு.

டாக்டரைப் பார்க்கும்போது தைராய்டு, பி12, சோடியம் பார்த்தாகிவிட்டதா, காது எப்படிக் கேட்கிறது, கண்புரை இருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்கேன் எடுக்கிற மும்முரத்தில் சில இடங்களில் இவை விட்டுப்போகும், பி12 குறைவும் தைராய்டும் மறதியைக் கூட்டக்கூடியவை, சரிசெய்யவும் முடிகிறவை. திடீரென்று ஒன்றிரண்டு நாளில் குழப்பம் அதிகமானால் நோய் முற்றிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள், சிறுநீரில் கிருமியோ, மலச்சிக்கலோ, சளியோ இருக்கலாம், உடனே காட்டுங்கள். மருந்துக் கடையில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். கத்தலை அடக்கக் கொடுக்கிற சில மனநோய் மாத்திரைகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்குப் பக்கவாத ஆபத்தைக் கூட்டும், உயிருக்கும் ஆபத்து உண்டு, டாக்டரே எழுதினாலும் எத்தனை நாளைக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நாத்தனார் பொய் சொல்லவில்லை. பத்து நிமிடம் போனில் பேசும்போது பெரியவர்கள் இருக்கிற தெம்பையெல்லாம் திரட்டி ஒழுங்காகப் பேசிவிடுவார்கள், 'சாப்பிட்டியா, பிள்ளைங்க நல்லா இருக்கா?' என்பதெல்லாம் பழகிய பேச்சு, நினைவு தேவையில்லை. அவரோடு வாதாடுவதைவிட, உங்கள் கணவர் அவரை அழைத்து, 'நீ வந்து ஒரு வாரம் அம்மாவோட இரு, அவளுக்கு ஓய்வு வேணும்' என்று சொல்லட்டும். நீங்கள் அந்த ஒரு வாரம் வீட்டிலேயே இருக்கக் கூடாது, அம்மா வீட்டுக்குப் போய்விடுங்கள். நீங்கள் இருந்தால் எல்லாவற்றையும் நீங்களே செய்துவிடுவீர்கள், அவர் விருந்தாளியாக வந்து விருந்தாளியாகவே போய்விடுவார். மூன்றாவது நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு அவருக்கே எல்லாம் விளங்கும். அதற்குப் பதிலாக அத்தை கத்துவதை வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுக் காட்டுவோம் என்று தோன்றும், தயவுசெய்து வேண்டாம். சேலை நழுவிக் கிடக்கிற தன் கோலத்தை மருமகன் பார்க்க அவர் ஒருநாளும் சம்மதித்திருக்க மாட்டார்.

கை ஓங்கியதைப் பற்றி. நடந்தது தப்புத்தான், உங்களுக்கே தெரிகிறது, அதை நான் மறுபடி சொல்லிக்காட்டப் போவதில்லை. எப்போது நடந்தது என்று பாருங்கள்: குளிக்கவைக்கும்போது. கேட்கிற வீட்டிலெல்லாம் சண்டை அங்கேதான். அத்தை பக்கமிருந்து பார்த்தால், யாரோ ஒருத்தி துணியை உருவி, தலையில் தண்ணீரைக் கொட்டுகிறாள், தரை வழுக்குகிறது, கண்ணில் சீயக்காய், கடிக்காமல் என்ன செய்வார்? வெந்நீரை முதலில் காலில் ஊற்றுங்கள், பிறகு முழங்கால், கை, கடைசியில்தான் முதுகு. தோளில் ஒரு துண்டு கிடக்கட்டும், அதன் மேலேயே நனைக்கலாம். ஸ்டூலில் உட்காரவைத்து, சொம்பை அவர் கையிலேயே கொடுத்துப் பாருங்கள். தலைக்குக் குளிப்பது வாரம் ஒரு நாள் போதும், மற்ற நாளில் மறுத்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டால் ஆயிற்று, தினம் குளித்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அடுத்த தடவை கோபம் தலைக்கேறினால், அவரைப் பத்திரமாக உட்காரவைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிடுங்கள். கை ஓங்குவது பெரும்பாலும் தூக்கமில்லாதவர்களிடம்தான் நடக்கிறது. எனவே வாரத்தில் இரண்டு ராத்திரி அத்தை அறையில் உங்கள் கணவர் படுக்க வேண்டும், இதில் பேச்சுக்கே இடமில்லை என்று நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

பணம், கையெழுத்து விஷயத்தில் காலம் கடத்தாதீர்கள். மாமனார் ஆசிரியராக இருந்தவர், அத்தைக்குக் குடும்ப பென்ஷன் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நிறைய வீடுகளில் ஒரு பவர் பத்திரம் எழுதி வாங்கிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவருக்குப் புத்தி சுவாதீனம் போய்விட்டால் நம் ஒப்பந்தச் சட்டப்படி அந்தப் பவர் செல்லாது. விவரம் புரிகிற நேரங்கள் அத்தைக்கு இன்னும் இருக்கும்போதே வங்கியில் பேசி, மகனும் மகளும் இருக்க, எல்லாருக்கும் தெரிந்து செய்ய வேண்டியதைச் செய்துவிடுங்கள். சொத்து எழுதுவதானால் அன்றைய தேதிக்கு டாக்டரின் சான்றிதழோடு. ஆயுள் சான்றுக்கு அவரை இழுத்துக்கொண்டு அலைய வேண்டாம், தபால்காரர் வீட்டுக்கு வந்து டிஜிட்டலாக எடுத்துத் தருவார். செலவை ஒரு நோட்டில் எழுதி நாத்தனாருக்கு மாதம் ஒருமுறை காட்டுங்கள். வளையல் கதையைத் தாய் சொன்னால் நோய், நாளைக்கு நாத்தனாரும் சொன்னால் அது குடும்பச் சண்டை.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. உங்கள் ஊரில் இப்படி நீங்கள் ஒருத்தர்தான் என்று நினைக்கிறீர்கள், அந்த 88 லட்சக் கணக்கை உங்கள் ஊருக்குப் போட்டுப் பாருங்கள். அடுத்த தடவை மனநலப் பிரிவுக்குப் போகும்போது, நர்ஸிடம் உங்கள் நம்பரைக் கொடுத்து, 'இதே நோய்க்கு வர்றவங்க யாராவது பேசணும்னு சொன்னா குடுங்க' என்று சொல்லிவிட்டு வாருங்கள். மூன்று குடும்பம் சேர்ந்தால் போதும், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டுத் திண்ணையிலோ நூலகத்திலோ இரண்டு மணி நேரம். பெரியவர்களை ஒருவர் பார்த்துக்கொள்ள மற்றவர்கள் பேசலாம். எந்தக் கடையில் டயப்பர் மலிவு, எந்த டாக்டர் நின்று பதில் சொல்கிறார் என்பதெல்லாம் என்னைவிட அவர்களுக்குத்தான் தெரியும். செப்டம்பர் 21 உலக அல்சைமர் நாள், பக்கத்துக் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்துப் பிள்ளைகள் அந்த மாதம் ஏதாவது செய்யத் தேடிக்கொண்டிருப்பார்கள், அவர்கள் ஆசிரியரிடம் போய்ப் பேசுங்கள். ஊர்வலம், பேனர் வேண்டாம், வாரத்துக்கு இரண்டு பேர் வந்து பெரியவர்களோடு ஒரு மணி நேரம் தாயம் விளையாடட்டும்.

வேலையை விட்டதைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள், எனக்கு அதுதான் உறுத்துகிறது. இந்த நோய் ஒன்றிரண்டு வருடத்தில் முடிகிறதில்லை, எட்டு பத்து வருடம்கூட ஓடலாம், அதுவரை நீங்கள் அந்த வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்க முடியாது. அத்தைக்குக் காலை நேரம் நன்றாக இருக்கிறது, தொந்தரவெல்லாம் நாலு மணிக்கு மேல் என்கிறீர்கள். காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை வரை வீட்டில் இருக்க ஒரு ஆள் கிடைத்தால், அத்தையின் பென்ஷனிலிருந்தே சம்பளம் கொடுக்கலாம், அது அவருக்கான செலவுதான். பழைய பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியையிடம் அரை நாள் வேலை இருக்கிறதா என்று இந்த வாரமே கேளுங்கள். கேட்கும்போது காரணத்தையும் சொல்லுங்கள்.